இசை சேர்ப்பதற்கு முன்

சேனலிலிருந்து வந்த போனை வைத்த கையோடு என் வீட்டுக்காரர் கண்ணாடித் தம்ளரைச் சுவரில் வீசி அடித்தார். சில்லுகளைப் பொறுக்கியது நான்தான். அவர் உடைப்பார், நான் பொறுக்குவேன். இத்தனை வருடக் குடித்தனத்தில் நாங்கள் தகராறில்லாமல் பிரித்துக்கொண்ட ஒரே வேலை இது.

ஊரே குழந்தை குட்டியோடு உட்கார்ந்து பார்த்த படம் அது. என் மாமனார் எடுத்தது. எட்டு வயதில் என் வீட்டுக்காரர் அதில் 'வாண்டு'வாக நடித்தார். தலை நரைத்த பிறகும் கடைத்தெருவில் அவருக்கு அதுதான் பெயர். இந்த விடுமுறைக்கு மறுபடி ஒளிபரப்ப இருந்தவர்கள், ஓர் இனத்தையே கேவலப்படுத்துகிற காட்சிகள் இருப்பதாகச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். கடல் தாண்டி வந்த கறுப்பு வேலைக்காரனின் கைகளைக் கட்டிவைத்து வாண்டு பிரம்பால் விளாசுவான். அடி வாங்குகிறவன் குரங்கு மாதிரி குதிப்பான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நடித்தவரும் கடல் தாண்டி வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பிறவியிலேயே கறுப்பு. அது போதாதென்று அவர் முகத்தில் கரி பூசவைத்ததை மாமனார் சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சத்தத்தை மாத்திட்டா போதும். இன்னும் காமெடியா போட்டா எவனும் வாயத் திறக்க மாட்டான்” என்று என் வீட்டுக்காரர் அலமாரியிலிருந்த படச்சுருள் டப்பாக்களை அள்ளிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்.

புதுச் சத்தம் சேர்க்க வேண்டுமென்றால் பழையதைக் கழற்ற வேண்டுமாம். நல்லவேளையாக, இசையும் 'டொய்ங்' சத்தமும் சேர்ப்பதற்கு முன், படப்பிடிப்பில் பிடித்த ஒலிநாடா ஒரு டப்பாவில் கிடந்தது. ஒலிப்பதிவாளர் அதைக் காட்சியோடு பொருத்தி ஓடவிட்டார்.

பிரம்பு சதையில் விழுந்தது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அந்தச் சத்தம் என் முதுகுக்குத் தெரியும். கட்டப்பட்டிருந்தவர் தன் மொழியில் கெஞ்சினார். மொழி புரியாவிட்டால் என்ன, கெஞ்சுவது புரியாதா? நடுவில் மாமனாரின் குரல். “ஓங்கி அடிடா! நீ அடிக்கலன்னா உனக்கு விழும்!”

“நிறுத்துய்யா. அந்த டேப்பை அழிச்சுடு” என்றார் என் வீட்டுக்காரர்.

“சார், இது ஒண்ணுதான் இருக்கு...”

சொல்லி முடிப்பதற்குள் ஒலிப்பதிவாளர் கன்னத்தில் அறை விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். என் வீட்டுக்காரர் நாடாவைப் பிடுங்கப் பாய்ந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“நெஜமாவே அடிச்சிருக்கீங்க.”

“நகருடி.”

“அந்த மனுஷன் அப்புறம் என்ன ஆனாரு?”

“எனக்கென்னடி தெரியும்?”

காதோடு சேர்த்து விட்டார் ஒன்று. இயந்திரத்தின் விளிம்பில் நெற்றி மோதிக் கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கையில் அகப்பட்ட தகர டப்பாவை எடுத்து அவர் முகத்தில் ஓங்கி அடித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. மூக்கெலும்பு நொறுங்குவது கையில் தெரிந்தது. கை நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அழிச்சுட்டா அந்தாளை நீங்க அடிச்சதே இல்லன்னு ஆயிடும். இத்தனை வருஷமா என்னை அடிச்சதும் இல்லன்னு ஆன மாதிரி. இதை விட மாட்டேன்” என்றேன்.

அவர் கையை ஓங்கினார். மூக்கைப் பொத்தியிருந்த அந்தக் கையில் ரத்தம் முழங்கை வரை வழிந்திருந்தது. நாடா ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒலிபெருக்கியில் பிரம்புச் சத்தம் நின்று ஒரு சின்னப் பையனின் விசும்பல் கேட்டது.

“கை வலிக்குதுப்பா. போதும்ப்பா.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. விரல்கள் விரிந்தும் விரியாமலும் இருந்தன. நான் குனியவில்லை.

“அழாதடா. இன்னொரு டேக்” என்றார் மாமனார்.