கடலிலிருந்து பார்த்த கரை

அந்தக் கரையைக் கண்ணைக் கட்டி விட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சுக்கான் சொல்லாத இடமில்லை. கல்யாண வீட்டில் சொல்வார், சாவு வீட்டில் சொல்வார், முடிவெட்டும் கடையில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்துகொண்டு சொல்வார். போர்க்காலத்தில் வீரர்களைக் கரையில் இறக்கும் தட்டைப் படகை ஓட்டியவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான் சுக்கான். சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவருக்கே திரும்பிப் பார்க்க நேரம் பிடிக்கும்.

அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அண்ணி, "சரி, ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்பாள். வேறொன்றும் சொல்ல மாட்டாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவள் கணவன், சுக்கானின் அண்ணன், அந்தக் கரையில் இறங்கியவர்களில் ஒருவன். தம்பி ஓட்டிய படகிலிருந்தே இறங்கினான். திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கடற்கரையில் வீரமரணம் என்று தகவல் வந்தது. கடற்கரை என்றால் எது? துறைமுகத்திலிருந்து பாறைமுனை வரை கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் கடற்கரைதான். அதில் எந்த இடம் என்று தெரிந்தால் போதும், ஒரு தடவை அங்கே போய் நின்றுவிட்டு வந்துவிடுவேன் என்றாள் அண்ணி.

ஆனால் யாரும் போக முடியவில்லை. மணலுக்கடியில் கிடந்த கண்ணிவெடிகளை எடுத்து முடிக்கவே வருடக்கணக்கில் ஆயிற்று. பிறகு கடற்படை வேலி போட்டு வைத்துக்கொண்டது. நாற்பது வருடங்களுக்கு மேல் ஆன பிறகுதான் வேலியைப் பிரித்து, இறந்தவர்களின் குடும்பங்களை நினைவு நாளுக்கு அழைத்தார்கள்.

அண்ணன் மகள்தான் காரை ஓட்டினாள். அப்பா போனபோது அம்மாவின் வயிற்றில் இருந்தவள். இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். வழியெல்லாம் சுக்கானின் வாய் ஓயவில்லை.

"நீ நேரா போம்மா. கடல் தெரிஞ்சதும் என்கிட்ட விட்டுடு. அப்புறம் மேப்பு கீப்பு எதுவும் வேணாம்."

"சித்தப்பா, கடைசியா நீங்க வழி சொன்னப்போ நாம ஒரு கோழிப்பண்ணைக்குள்ள போய் நின்னோம்."

"அது தரை. தரையில எனக்கு அவ்வளவாப் பழக்கமில்ல."

பின் இருக்கையில் அண்ணி சிரித்தாள். ஆனால் மடியில் கைகளை இறுக்கிக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மேடுகளுக்கு நடுவே சரிந்து இறங்கிய சாலை அவர்களைக் கடற்கரையில் கொண்டுபோய் விட்டது. கார்கள் நிறுத்த இடம், வரிசையாக நாற்காலிகள், ஒலிபெருக்கி கட்டிய கம்பங்கள், பித்தளைக் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்த பேண்டு வாத்தியக்காரர்கள். கடல் வெகுதூரம் உள்வாங்கி, ஈர மணல் கண்ணாடி மாதிரி மின்னியது. சுக்கான் காரிலிருந்து இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார்.

ஒன்றும் தெரியவில்லை. ஒரு வீடு, ஒரு மேடு, ஒரு மரம்கூட அவரைப் பார்த்து 'வந்தாயா' என்று கேட்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தக் கரையில் அவர் ஒரு நாளும் நின்றதே இல்லை. படகோட்டியின் வேலை கரையோடு முடிந்துவிடும். படகின் மூக்கு மணலில் இடித்ததும் முன்பக்க இரும்புக் கதவை இறக்க வேண்டும். ஆட்கள் இறங்கியதும் கதவை ஏற்ற வேண்டும். வந்த வழியே பின்னோக்கிப் போக வேண்டும், அடுத்த ஆட்களை ஏற்றிவர. கதவு ஏறியதும் கரை மறைந்துவிடும். அவர் சுமந்து திரிந்ததெல்லாம் கடலிலிருந்து பார்த்த கரை. இது அதன் முதுகுப்பக்கம்.

"எங்க தம்பி?" என்றாள் அண்ணி.

வாய் முந்திக்கொண்டது. "அதோ அந்தப் பாறை தெரியுதில்ல, அதுக்குப் பக்கத்துல" என்று கையை நீட்டினார்.

அண்ணி மெதுவாக நடந்தாள். மகள் கையைப் பிடிக்க வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தாள். பாறைக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பாதங்கள் மணலில் புதைய நின்றாள். குனிந்து ஒரு கைப்பிடி மணலை எடுத்தாள். அவள் முகத்தில் இருந்த இறுக்கம் அவிழ்வதைச் சுக்கான் பார்த்தார். பேசாமல் இருந்துவிட்டால் ஆயிற்று. மணலுக்கு மணல் என்ன வித்தியாசம்? யார் வந்து கேட்கப்போகிறார்கள்? எல்லோரும் நிம்மதியாக வீடு போய்ச் சேரலாம்.

அவள் அந்த மணலைக் கைக்குட்டையில் முடியப் போனாள்.

"அண்ணி, இது இல்ல."

"என்ன இல்ல?"

"இந்த இடம் இல்ல. சும்மா சொல்லிட்டேன். எனக்கு அடையாளம் தெரியல."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த மணல் விரல்களுக்கிடையே ஒழுகியது. "கண்ணைக் கட்டி விட்டாக்கூடன்னு சொன்னியே. உன் பேரப்பிள்ளைங்களுக்கே மனப்பாடம் அது."

"ஆமா."

"இப்போ கண்ணு திறந்துதானே இருக்கு?"

மகள்தான், "விடும்மா, எத்தனை வருஷம் ஆச்சு" என்று நடுவில் புகுந்தாள். அண்ணி செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. கோபமும் படவில்லை. அப்படியே நின்று கடலைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் சுக்கானுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவரும் கடலைப் பார்த்தார். பிறகு காலணியைக் கழற்றினார், கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார், நடக்க ஆரம்பித்தார்.

"சித்தப்பா! எங்க போறீங்க?"

"அங்க போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"சளி பிடிச்சு நெஞ்சு கட்டினா எக்ஸ்ரே நான்தான் எடுக்கணும், ஞாபகம் இருக்கட்டும்!"

விழாவுக்கு ஒழுங்கு பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, கழுத்தில் அட்டை ஆட, ஓடிவந்தாள். "ஐயா, நிகழ்ச்சி தொடங்கப் போகுது! எல்லாரும் நாற்காலிக்கு வரணும்!" சுக்கான் திரும்பாமலே கையை ஆட்டினார், ஈ ஓட்டுவது போல.

ஆழமில்லாத கடல். நடந்துகொண்டே இருந்தும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. அன்றைக்கும் இப்படித்தான் உள்வாங்கியிருந்தது. தண்ணீருக்கடியில் எதிரி நட்டு வைத்த இரும்புத் தடுப்புகள் வெளியே தெரிய வேண்டும் என்று அந்த நேரத்தைத்தான் பார்த்து வைத்திருந்தார்கள். தொடை வரை வந்ததும் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இடுப்பு வரை வந்ததும் திரும்பினார். வரிசையாக வீடுகள், கம்பங்கள், கொடிகள். இன்னும் போனார். குளிர் எலும்பைக் கவ்வியது. மார்பளவில் நின்று மறுபடியும் திரும்பினார்.

கரை எழுந்து நின்றது.

வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அருகில் நின்றபோது சிதறிக் கிடந்ததெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, நீளமாக, தாழ்வாக, அன்றைக்குக் காலையில் எப்படி இருந்ததோ அப்படியே எழுந்து நின்றது. மேட்டின் நடுவே கத்தியால் கீறியது போல ஒரு பிளவு. எத்தனை இரவுகள் சேவல் கூவும்வரை கண்ணுக்குள் இருந்த பிளவு! சற்று முன் காரில் அவர்கள் இறங்கி வந்த சாலையேதான் அது. அதற்குள்ளேயே வந்துகொண்டு, அது எங்கே என்று தேடியிருக்கிறார்.

இனி வீடு. படகோட்டிகளுக்குக் கொடுத்திருந்த கட்டளை ஒன்றே ஒன்று: வெள்ளை வீடு பிளவுக்கு நடுவில் வரும்படி வைத்துக்கொண்டு நேராக விடு, வலமோ இடமோ போனால் மணல்திட்டில் மாட்டிக்கொள்வாய். இப்போது வெள்ளை வீடு எதுவும் இல்லை. ஆனால் செங்கல் நிறம் பூசிய ஒரு மாடிவீட்டுக் கூரையில் நெட்டையாக ஒரு புகைபோக்கியும் குட்டையாக ஒன்றும் நின்றன. புறப்படுவதற்கு முன் கரையின் படத்தில் அவற்றைக் காட்டியபோது, "இதோ பாருடா, நீயும் நானும்" என்று அண்ணன் சொன்னது காதுக்குள் கேட்டது.

சுக்கான் தண்ணீருக்குள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தார். அவர் நகர நகர வீடும் நகர்ந்தது. மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து பிளவின் நடுவில் பொருந்தி நின்றது. அவரும் நின்றார். மூச்சு விடவும் பயமாக இருந்தது, விட்டால் கலைந்துவிடுமோ என்று.

"அண்ணி!" என்று கத்தினார். "அண்ணி, இங்க வாங்க!"

அண்ணி யாரையும் கேட்கவில்லை. ஆடையைத் தொடைவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். "அம்மா, உனக்கென்ன கிறுக்கா?" என்று திட்டிக்கொண்டே மகளும் பின்னால் வந்தாள். சுக்கான் வீட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அந்தக் கோடு விலகாமல், முன்னோக்கி நடந்து இடுப்பளவு நீரில் அவர்களைச் சந்தித்தார்.

"இங்கதான் கதவை இறக்கினேன்" என்றார். "தண்ணி இடுப்பு வரைக்கும்தான் இருந்துச்சு. அண்ணன் முன்வரிசை."

அண்ணி தண்ணீரைப் பார்த்தாள். அதில் வானத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஏதாவது சொன்னாரா?"

இதை அவள் இதுவரை கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை; சொல்லத் தகுந்த வார்த்தையாக அவருக்குத் தோன்றியதில்லை.

"வழியெல்லாம் வாந்தி, அண்ணி. என் பூட்ஸ் மேலேயே எடுத்தான். இறங்கும்போது திரும்பிப் பாத்து, 'படகா ஓட்டுற நீ? அடுத்த தடவை நான் நடந்தே வந்துடுறேன்டா'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டேதான் இறங்கினாங்க."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று மகள் அணைத்துப் பிடித்தாள். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். "கல்யாணத்தன்னைக்கு மாட்டுவண்டியிலயே அப்படித்தான் வந்தார்" என்றாள், சிரிப்புக்கு நடுவில், கண்ணைத் துடைத்தபடி.

பிறகு கரையை நோக்கித் திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில்தான் கரையில் எக்காளம் முழங்கி ஓய்ந்தது. ஒலிபெருக்கி மௌன அஞ்சலி என்றது. இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து அசையாமல் நின்றார்கள். அட்டை போட்ட பெண் கையைப் பாதி தூக்கிய நிலையில், கூப்பிடவும் முடியாமல் நகரவும் முடியாமல் நின்றாள். அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நனைந்த ஆடை காலைச் சுற்றிப் பின்ன, அண்ணி கடலிலிருந்து ஏறி வந்தாள். தண்ணீரின் சலசலப்பைத் தவிர உலகத்தில் ஒரு சத்தமில்லை.

சுக்கான் பின்னால் வந்தார். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது, கணுக்காலுக்கு இறங்கியது, தீர்ந்துபோயிற்று. அதற்கப்புறமும் மணல் இருந்தது. போய்க்கொண்டே இருந்தது. ஒரு கல் இல்லை, ஒரு பள்ளம் இல்லை, ஒரு பூனை ஒளிந்துகொள்ள மறைப்பில்லை. படகிலிருந்து பார்த்தபோது ஒரு தாவல் தூரம் போலத் தெரிந்த மணல்! இதன் மேலா ஓடினார்கள்? நனைந்த உடுப்பும் துப்பாக்கியும் முதுகுச் சுமையுமாக இதன் மேலா? அவருடைய கால்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்தன, யாரையோ மிதித்துவிடக் கூடாது என்பது போல.

அண்ணி எங்காவது நிற்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் நிற்கவில்லை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். உறைந்து நின்றவர்கள் அசையாமலே வழி கொடுத்த மாதிரி இருந்தது. மணலைத் தாண்டினாள், புல்லைத் தாண்டினாள், செங்கல் நிற வீட்டின் படியில் ஏறி, சுவரில் உள்ளங்கையை ஊன்றி நின்றாள். மூச்சு இரைத்தது. அதற்குள் மௌனம் முடிந்து பேண்டு வாசிக்கத் தொடங்கியிருந்தது.

"இங்கதானே வரச் சொன்னாங்க அவரை?" என்றாள்.

"ஆமா அண்ணி. இந்த வீட்டு மாடியிலதான் எதிரியோட பீரங்கி இருந்துச்சு. இதைப் பிடிக்கணும்னுதான் அனுப்பினாங்க."

"எங்க விழுந்தார், எங்க விழுந்தார்னே கேட்டுட்டிருந்தேன். அது உனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. பரவாயில்ல. நடந்து வந்த வழியில எங்கயோ இருந்திருப்பார். தாண்டித்தான் வந்திருப்பேன்."

மகள் பக்கத்தில் வந்து, தானும் அந்தச் சுவரில் கையை வைத்தாள்.

சுக்கான் படியில் நின்று திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து கடல் முழுவதும் தெரிந்தது. ஒவ்வொரு அலையும் தெரிந்தது. தூரத்தில் மிதந்த ஒரு பறவைகூடத் தெரிந்தது. இந்த வீட்டைக் குறி வைத்துத்தான் படகை நேராக விட்டிருக்கிறார். இம்மியும் பிசகாமல். அந்த மாடியில் இருந்தவர்கள் அந்தக் காலையில் படகில் வந்தவர்களை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பது இப்போது அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் வந்தார்கள். சிரித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"இதுக்கு நேராவா வந்தீங்க, ரெண்டு பேரும்?" என்றாள் அண்ணி, மிகவும் மெதுவாக.

"நேராத்தான் வந்தோம்."

அண்ணி படியில் உட்கார்ந்தாள். ஆடையிலிருந்து கடல் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நகர்ந்து, "நீயும் உட்காரு தம்பி" என்றாள்.