ஆட்சேபணைக் கவுன்டர்

மனுவின் மூன்றாவது பத்தியில் 'சமூக விரோதிகள்' என்பதை அடித்துவிட்டு 'இப்பகுதியின் தன்மைக்குப் பொருந்தாதோர்' என்று மனுக்காரர் எழுதியதும் தெரு நலச் சங்கத் தலைவருக்குப் புல்லரித்துவிட்டது. "திட்டுற மாதிரியே தெரியல சார், ஆனா நல்லா உறைக்குது!" என்றார். உறைக்காமல் என்ன? மனுக்காரர் முப்பத்தொரு வருஷம் அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து ஊரார் மனுக்களைத் திருப்பி அனுப்பியவர். திரும்பி வராத மனுவை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியாதா? தெருக்கோடிக் காலி மனையில் வசதி குறைந்தவர்களுக்கு அரசாங்க அடுக்குமாடி வரப்போகிறது என்று பலகை நட்டு, அதை எதிர்த்து மனு எழுத ஆள் தேடியதிலிருந்து தெருவில் அவருக்குத் தனி மவுசு. பால் வாங்கப் போனால்கூட வழிவிட்டார்கள். மனுவில் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து, முதல் கையெழுத்து அவருடையது.

மறுநாள் அவருடைய மகள் வந்தாள். கணவனை விட்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. அப்போது போனது அப்பா வீட்டுக்கு அல்ல. இங்கே இடமில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலியாயிருந்த அறையில் மருமகளின் நடைப்பயிற்சி மிஷின் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். மகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, இரண்டு பஸ் தள்ளி ஒற்றை அறை, அதில் இவளும் பெண்குழந்தையும்.

மேஜைமேல் கிடந்த மனுவை நின்றபடியே படித்துவிட்டு, பக்கத்தில் ஒரு படிவத்தை வைத்தாள்.

"பக்கத்துல சொந்தக்காரங்க இருந்தா முன்னுரிமையாம்ப்பா. இங்க ஒரு கையெழுத்து போடணும். நாளைக்குக் கடைசி நாள்."

"எந்த வீட்டுக்கும்மா?"

"நீங்க வேணாம்னு எழுதியிருக்கீங்களே, அதுக்குத்தான்."

சமையலறையில் மிக்ஸி சட்டென்று நின்றது. மருமகளுக்குக் காது கூர்மை.

"விண்ணப்பம் போட்டவங்க பட்டியல போர்டுல ஒட்டுவாங்களோ?" என்றார் அவர்.

"ஒட்டுவாங்க. உங்க பேரு, விலாசத்தோட." பையை மாட்டிக்கொண்டாள். "மூணாவது பத்தி நல்லா வந்திருக்குப்பா."

அவர் "வெச்சிட்டுப் போ" என்றார். மகள் வைத்துவிட்டுப் போனாள்.

காலையில் தலைவர் காரில் கூட்டிப்போவதாகச் சொன்னதற்கு, நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டு மனுக்காரர் பஸ் ஏறினார். பைக்குள் மனுவும் படிவமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வந்தன. ஆபீசில் ஆட்சேபணைக் கவுன்டர் ஈயோட்டிக்கொண்டிருந்தது. விண்ணப்பக் கவுன்டர் வரிசையோ படியிறங்கி வெயில்வரை நீண்டிருந்தது.

"சார், நீங்களா!" ஆட்சேபணைக் கவுன்டரில் இருந்தவன் ஒருகாலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். "இங்க வாங்க சார், ஆளே இல்ல."

"இருக்கட்டும்ப்பா" என்று வரிசையின் வாலில் போய் நின்றார். படிவத்தில் கையெழுத்து போட்டாயிற்றா என்று கேட்காதீர்கள்; பேனா கையில் திறந்திருந்தது, அந்தமட்டும் உண்மை. முன்னால் நின்றவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "ஐயா, இது அழுவுது, தண்ணி குடுத்துட்டு வந்துடறேன். என் இடத்தப் பாத்துக்குங்க" என்று தன் துணிப்பையைத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள்.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தலைவருடையதுதான். பொறுமை அந்த மனுஷனுக்கு என்றைக்கு இருந்தது? கதவைத் திறந்து இறங்கி, கையைக் கண்ணுக்குமேல் வைத்து ஆட்சேபணைக் கவுன்டர் பக்கம் தேடினார்.

வரிசை ஓரடி நகர்ந்தது. மனுக்காரர் குனிந்து, அந்தத் துணிப்பையைத் தூக்கி ஓரடி முன்னால் வைத்தார். பிறகு தானும் நகர்ந்து அதன் பின்னால் நின்றுகொண்டார்.