மார்கரெட் கைமாறிய விதம்

அலர்மேல்மங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளுடைய படகைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார் அவள் கணவர் சீனிவாசராகவன். 1958ஆம் வருஷம், ஆனி மாதம். மல்லேஸ்வரத்து வீட்டில் கால் அலம்பிக்கொண்டே அதைச் சொன்னார்.

“சுந்தரேசன் சாரை ஒரு கல்யாணத்துல பாத்தேன். ஏரிக் காத்து ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாராம். நம்ம படகை எடுத்துக்கோங்கோன்னுட்டேன்.”

“யாரோட படகை?”

“நம்மோடதை.”

ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டரிடமிருந்து நாற்பத்தேழில் அவள் அப்பா வாங்கிய பாய்மரப் படகு அது. பதினாலு அடி, தேக்குப் பலகை, இரண்டு பாய்கள். பின்பக்கம் ‘மார்கரெட்’ என்று எழுதியிருந்ததை அப்பா அழிக்கவில்லை. அவருக்கும் ஓட்டத் தெரியாது, இவளுக்கும் தெரியாது. டாக்டர் விட்டுப்போன ஒரு சின்னப் புத்தகத்தைப் பார்த்து, இருவரும் அல்சூர் ஏரியில் மாறி மாறி விழுந்து கற்றுக்கொண்டார்கள். சாகுமுன் அப்பா படகை அவள் பேருக்கு எழுதிவைத்தார். மற்ற நாளெல்லாம் ஆறு கஜம் உடுத்துகிறவள், சனிக்கிழமை காலையில் மடிசார் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். படகில் காலை மடக்கவும் நீட்டவும் அதைவிடத் தோதான உடுப்பு கிடையாது. சீனிவாசராகவனுக்கு இது பெரிய வெட்கம். படகை அவர் ‘உங்கப்பாவோட வெள்ளைக்காரி’ என்றுதான் குறிப்பிடுவார்.

இரண்டு வருஷம் முன்னால் ராஜ்யங்களைப் பிரித்துச் சேர்த்தபோது, ஹைதராபாத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் இன்ஜினியர்கள் வந்து அவருடைய இலாகாவின் சீனியாரிட்டி பட்டியலில் நுழைந்தார்கள். ஒன்பதாவதாக இருந்த சீனிவாசராகவன் நாற்பத்தொன்றாவது ஆனார். அவரைப் பற்றி மேலிடத்துக்கு ரகசிய ரிப்போர்ட் எழுதவேண்டியவர் சுந்தரேசன். அதனால் சுந்தரேசன் ஆபீசில் தும்மினால், இவர் வீட்டில் மிளகு ரசம் வைக்கச் சொல்வார்.

மங்கை அழவில்லை. எப்படி ஓட்டுவது என்று ஒருதரம் காட்டிவிட்டுத்தான் கொடுப்பேன் என்று மட்டும் சொன்னாள். இவ்வளவு சுலபமாக முடிந்ததில் அவர் பூரித்துப்போய் இரண்டாவது காபி கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுந்தரேசன் கோட்டு, டை, பளபளக்கும் ஷூவோடு ஏரிக்கரைக்கு வந்தார். பின்னால் ஆபீஸ் பியூன் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். படகில் போட்டு உட்காருவதற்காம். நாற்காலி போட்டால் கவிழ்ந்துவிடும் என்று மங்கை சொன்னாள். அவர் அவளைப் பார்க்காமல், “அப்படியா ராகவன்?” என்று சீனிவாசராகவனைக் கேட்டார். ஏரியில் ஒருநாள்கூடக் காலை நனைக்காத சீனிவாசராகவன் யோசிப்பதுபோல் நின்று, ஆமாம் சார் என்றார்.

அந்நிய மனுஷரோடு பெண்டாட்டியைத் தனியாக அனுப்பக்கூடாதென்று அவரும் ஏறிக்கொண்டார். மேற்கிலிருந்து நல்ல காற்று. ஏரி நடுவிலிருக்கும் தீவைத் தாண்டியதும் பாய் விம்மிப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்காரும்படி மங்கை சொன்னாள். இருவரும் அசையவில்லை.

“ஓய், உம்ம ஆத்துக்காரியை மெதுவா ஓட்டச் சொல்லும்” என்றார் சுந்தரேசன். குரல் கீச்சென்று வந்தது.

“மெதுவா போ, மங்கை. சார் சொல்றார்.”

காற்றிடம் போய்ச் சொல்லுங்கள் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. சுக்கானை ஒரு சாண் தள்ளினால் போதும், இரண்டு பேரும் பாசியில் கிடப்பார்கள். அவள் கை அதற்குத் தயாராகவும் இருந்தது. ஆனால் கவிழ்ந்தால் பாய் சேற்றில் குத்திக் கிழியும். இந்த இரண்டு பேருக்காக அதைக் கிழிக்க வேண்டுமா என்று விட்டுவிட்டாள்.

இருவரையும் பார்த்தாள். சுந்தரேசன் கண்ணை இறுக்க மூடியிருந்தார். அவருடைய இரண்டு கையும் சீனிவாசராகவனின் கையைப் பற்றியிருந்தன. சீனிவாசராகவனும் கண்ணை மூடியிருந்தார். ஆனால் உதடு மட்டும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து பார்க்காத மேலதிகாரிக்காக, சாகப்போகிறோம் என்று நினைக்கும் நேரத்திலும் ஒரு சிரிப்பு. பதினாறு வருஷம் இந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

பிறகு அவர்களை மறந்துவிட்டு ஓட்டினாள். கயிற்றை இழுத்துப் பிடித்து, காற்றின் விளிம்பிலேயே படகைச் செலுத்தி, ஏரியை ஒருமுறை முழுதாகச் சுற்றிவந்தாள். பதினோரு வருஷத்தில் அவ்வளவு நன்றாக ஓட்டியதில்லை. கண் திறந்திருந்தால் அவர்களும் பார்த்திருக்கலாம்.

கரையில் இறங்கியதும் சுந்தரேசனுக்கு அதிகாரம் திரும்பிவந்தது. டையைச் சரிசெய்துகொண்டு படகைச் சுற்றி நடந்தார்.

“பரவாயில்லை. இந்தக் கம்பம்தான் ஆட்டறது. இதை அறுத்துட்டு, ரெண்டு துடுப்பு போட்டா நன்னா இருக்கும்.”

“அறுத்துடலாம் சார்” என்றார் சீனிவாசராகவன். “நாளைக்கே ஆசாரியை வரச்சொல்றேன்.”

மங்கை பாய்களை இறக்கி, தண்ணீரை உதறி, வழக்கம்போல் மடித்து வைத்தாள். வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பாயை வைத்துக்கொண்டு மரத்தைக் கொடுப்பதில் அர்த்தமில்லை. பியூன் கையிலேயே கொடுத்தாள். மழைக்கு வீட்டுக் கூரையில் கட்டிக்கொள்ள ஆகும் என்று அவன் சந்தோஷப்பட்டான்.

பஸ்ஸில் சீனிவாசராகவன், சார் எவ்வளவு எளிமையாகப் பழகினார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மெஜஸ்டிக் ஸ்டாப் தாண்டியபின் அவள் வாயைத் திறந்தாள்.

“அவருக்குக் காத்துன்னா பயம். உங்களுக்கு அவர்னா பயம். எனக்கு ஒண்ணும் பயமில்லைன்னு நெனச்சிண்டிருந்தேன். கடைசியில நானும் கொடுத்துட்டுதானே வரேன்.”

“யாராவது கேட்கப்போறா, மெதுவாப் பேசு” என்றார் அவர்.

இரண்டு வருஷம் கழித்துப் பதவி உயர்வு வந்தது. பட்டியலை எதிர்த்து யாரோ தொடுத்த வழக்கில் பட்டியலையே மாற்றினார்கள். இருபது பேரோடு இவரும் மேலே போனார். பாக்கெட்டில் உத்தரவும் கையில் மைசூர்பாகுமாக வந்து, எல்லாம் அந்தப் படகு செய்த உபகாரம், பார்த்தாயா நான் சொன்னேனே என்றார்.

ரிட்டையராகும் அவசரத்தில் சுந்தரேசன் யாருக்கும் ரிப்போர்ட்டே எழுதவில்லை என்று, அவருடைய மனைவி அனந்தலக்ஷ்மி மங்கையிடம் கோயிலில் சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. படகு அவர்கள் வீட்டுக் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறதென்றும், அதன்மேல் வடாம் காயவைப்பதாகவும் அந்த அம்மாளே சொன்னாள்.

மங்கை இதில் எதையும் கணவரிடம் சொல்லவில்லை. முன்பு அவர் மனம் நோகுமே என்று சில விஷயங்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். இப்போது அப்படியில்லை. சொல்லித் திருத்தும் அளவுக்கு அவரிடம் அக்கறை மிச்சமில்லை. மைசூர்பாகில் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டாள். நெய் போதவில்லை என்று சொன்னாள்.