அக்கா படித்ததும் தாளில் இருந்ததும்

அச்சகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேசையில், இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து நாள் முழுக்கத் தொண்டையையும் கண்ணையும் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பாள். கமா, புல்ஸ்டாப் உட்பட எதையும் விடமாட்டாள். மற்றவள் புரூஃப் தாளில் கண்ணை ஓட்டிக்கொண்டே வந்து, காதில் விழுவதும் தாளில் இருப்பதும் ஒன்றில்லை என்றால் சிவப்புப் பேனாவால் திருத்துவாள். படிக்கிறவள் நாத்தனார். திருத்துகிறவள் அவளுடைய தம்பி மனைவி. ஒரே வீட்டில் எழுந்து, ஒரே பஸ்ஸில் நசுங்கி வந்து, ஒரே மேசையில் உட்கார்ந்து, மறுபடி அதே வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். இப்படி ஒரு தண்டனையை எந்தக் கோர்ட்டும் யாருக்கும் கொடுத்திருக்காது.

தம்பி மனைவிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நாத்தனார்தான். சேர்ந்த முதல் நாளே ஒரு சட்டமும் போட்டுவிட்டாள். "நான் படிக்கிற பேப்பரை நீ எட்டிப் பாக்கக்கூடாது. உன் கண்ணும் என் கண்ணும் ஒரே இடத்துல போச்சுன்னா, தப்பு ரெண்டு பேர்கிட்டயும் சேந்து தப்பிச்சுப் போயிடும்." அன்றிலிருந்து அவள் எட்டிப் பார்த்ததில்லை. நாத்தனார் சொன்னால் மறுபேச்சு கிடையாது. வீட்டிலும் அப்படித்தான், மேசையிலும் அப்படித்தான்.

இப்போது கையில் இருந்தது, ஒன்றுபோலத் தோன்றி வேறு பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு. பரீட்சை எழுதுகிறவர்கள் விழுந்து விழுந்து வாங்குவது. எகனாமிக் என்றால் பொருளாதாரம் சம்பந்தப்பட்டது, எகனாமிக்கல் என்றால் சிக்கனமானது. ஹிஸ்டாரிக் என்றால் வரலாற்றில் நிற்கப்போவது, ஹிஸ்டாரிக்கல் என்றால் வரலாற்றைச் சேர்ந்தது. முதல் பதிப்பையும் அதன் மறு அச்சுகளையும் இவர்கள் இருவரும்தான் பார்த்தார்கள். அதில் படித்ததை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். சென்சிட்டிவ், சட்டென்று மனம் நோகிறவர். சென்சிபிள், நிதானமாக யோசிப்பவர். "உங்க தம்பி சென்சிட்டிவ்தான்கா, சென்சிபிள்னு சொல்ல முடியாது" என்று அவள் ஒருநாள் சொன்னபோது, தம்பியை யாரும் ஒரு வார்த்தை சொல்லப் பொறுக்காத நாத்தனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் பழைய கதை. கொஞ்ச காலமாக நாத்தனாரைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல். காலையில் பாதிச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்த நாத்தனார், இப்போது காய் நறுக்குவதில்லை, இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதில்லை. கேட்டால், "நீ பண்ணினா நல்லா இருக்கு" என்று நழுவிவிடுவாள். வயதான மனுஷி, உட்காரட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் தம்பி மனைவிக்கும் முதுகு என்று ஒன்று இருக்கிறதே. புருஷனுக்கு ஷிப்ட் வேலை; அவன் தூங்கும் நேரத்தில் வீட்டில் பாத்திரம்கூட ஓசைப்படக்கூடாது. விடிந்தால் ஓட்டம், பொழுது சாய்ந்தால் ஓட்டம். அக்கடா என்று உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நாத்தனார் மட்டும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வராமல் என்ன செய்யும்?

அன்று மதியம், கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவர் மேலே வந்தார். ஆமை வேகத்தில் வேலை செய்வதால் அவருக்கு ஸ்பீடு என்று பெயர். முந்தைய நாட்களில் அவள் திருத்தி அனுப்பிய தாள்களைக் கட்டாக மேசையில் போட்டார்.

"திருத்தமெல்லாம் போட்டாச்சு. ஆனா ஒரு விஷயம் கேக்கணும். பேராசிரியர் புதுசா எழுதிக் குடுத்த வாக்கியத்தையெல்லாம் அடிச்சிட்டு, பழைய வாக்கியத்தையே எழுதி வச்சிருக்கீங்களே. பழைய புஸ்தகத்தையே அச்சடிச்சிட்டுப் போயிடலாமே, நான் எதுக்கு இருக்கேன்?"

"நீங்க வேற எந்த ஃபைல்லேருந்தோ ஒட்டி வச்சிருக்கீங்க. அக்கா கையில மூலம் இருக்கு. அதுல உள்ளதைத்தான் படிக்கிறாங்க."

"என்னமோ போங்க. சாயந்தரம் அச்சடிக்கிறதுக்குப் பிளேட்டுக்குப் போகுது" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விட்டபடி ஸ்பீடு இறங்கிப்போனார்.

நாத்தனார் தண்ணீர் குடித்தாள், தொண்டையைச் செருமினாள், அடுத்த பக்கத்தை எடுத்தாள்.

"டிபெண்டபிள், கமா, டிபெண்டென்ட். முதல் சொல், நம்பி ஒப்படைக்கத்தக்கவர், புல்ஸ்டாப். இரண்டாம் சொல், பிறரைச் சார்ந்து இருப்பவர், புல்ஸ்டாப். எடுத்துக்காட்டு. மை சிஸ்டர் ஈஸ் டிபெண்டபிள், புல்ஸ்டாப்."

அவள் தாளில் சிஸ்டர் இல்லை. கிளாக் இருந்தது. திஸ் கிளாக் ஈஸ் டிபெண்டபிள். இந்தக் கடிகாரத்தை நம்பலாம். ஸ்பீடைத் திட்டிக்கொண்டே கிளாக்கை அடிக்கப் பேனாவை வைத்தவள், ஏனோ நிறுத்தினாள். அவர் கேட்டுவிட்டுப் போனது காதிலேயே நின்றது. பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள், ஜன்னலைத் திறப்பதுபோல நாத்தனாரின் பின்னால் போய் நின்றாள், சேர்ந்த நாளிலிருந்து செய்யாததைச் செய்தாள். எட்டிப் பார்த்தாள்.

மூலத்திலும் கிளாக்தான் இருந்தது. பளிச்சென்று இருந்தது. சிஸ்டர் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கேயும் கிடையாது.

நாத்தனாரோ அந்தத் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணை வரிமேல் ஓட்டியபடி அடுத்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் அங்கே இல்லை. முதல் பதிப்பில் இருந்த வாக்கியம். எழுத்துப் பிசகாமல், கமா பிசகாமல், மனப்பாடமாக வந்துகொண்டிருந்தது. தலைப்பாக இருந்த இரண்டு சொற்கள் மட்டும் கட்டை விரல் பருமனில் அச்சாகியிருந்தன. அவை மட்டும் தெரிந்தால் போதும், மிச்சத்தை வாய் பார்த்துக்கொள்ளும்.

காய் நறுக்காதது, இஸ்திரி போடாதது, பஸ் ஸ்டாப்பில் "எது வருதுன்னு பாரு" என்று எப்போதும் தன்னைக் கேட்பது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவள் முன் வந்து நின்றது. திமிர் என்று நினைத்தாளே.

"என்ன, மார்க் பண்ணிட்டியா?" என்றாள் நாத்தனார், எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து.

அவள் பின்னாலிருந்து, "பண்ணிட்டேன்கா" என்றாள். நாத்தனாரின் தோள் ஒருமுறை குலுங்கி அடங்கியது. பேச நேரமில்லை. சரியாக இருந்த பக்கங்களையெல்லாம் அவள் கையாலேயே தப்பாக்கி அனுப்பியிருக்கிறாள். சாயந்தரம் அவை பிளேட்டுக்குப் போகின்றன. நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் நாத்தனாருக்கு வேலை போகும். சொல்லாவிட்டால், தாள் முழுக்க இருக்கும் சிவப்பு மை யாருடையது என்பது ஊருக்கே தெரியும்.

"வாங்கக்கா, மேல போகணும்" என்றாள். நாத்தனார் ஏன் என்று கேட்காமல் எழுந்து வந்தாள்.

மேலாளர் மூன்றாம் மாடியில் இருந்தார். அவர்கள் இருவரையும்விட இளையவர், நல்ல மனிதர், எந்த வேலையையும் நிறுத்தச் சொன்னால் மட்டும் வயிற்றுவலி வந்தவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். பிளேட்டை நிறுத்தச் சொல்லிக் கீழே போன் செய்துவிட்டு, தாள்களைப் புரட்டினார்.

"இதெல்லாம் யார் கையெழுத்து?"

"என்னுது சார்."

"சரியா இருக்கிறதை எதுக்கும்மா அடிச்சிருக்கீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். அசந்துட்டேன் சார், உடம்பு சரியில்ல சார் என்று சொல்லிவிடலாம், நம்பவும் செய்வார். பக்கத்தில் நாத்தனார் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். மேலாளரைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று விட்டுப்போனது. இன்னொரு நாள் இதைத் தூக்கிச் சுமக்கத் தன்னால் ஆகாது என்று தோன்றியது.

"அக்கா படிச்சதை மார்க் பண்ணினேன் சார். அக்காவுக்குக் கண்ணுல எழுத்துத் தெரியல. மனப்பாடமா சொல்லியிருக்காங்க."

சொன்னதும் முதலில் வந்தது நிம்மதிதான். அதற்கு அப்புறம்தான் கூச்சம் வந்தது, உடம்பெல்லாம் கூசியது.

மேலாளர் தாள்களை அடுக்கி வைத்தார். பிறகு நாத்தனாரிடம், சொல்லியிருக்கலாமே அம்மா என்றார். டாக்டரைப் பாருங்கள் என்றார். இத்தனை காலம் உழைத்தவர், கொடுக்க வேண்டியதையெல்லாம் முறையாகக் கொடுத்து அனுப்புவோம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதையும் எங்கோ நடுவில் சொல்லி முடித்துவிட்டார். "சரிங்க" என்றாள் நாத்தனார். அவ்வளவுதான்.

கெடுத்த பக்கங்களைத் திரும்பச் சரிசெய்யும் வேலை அவளுக்கு வந்தது. கீழே போய்வர நேரமில்லை என்று அதே மாடியில், கோப்புகள் அடுக்கிய ஒரு சின்ன அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவள் மேசையில் உட்கார்ந்தாள். தனியாக பஸ் ஏற முடியாத நாத்தனார் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூலத்தில் ஒரு வரி, புரூஃபில் ஒரு வரி என்று கண் மாறி மாறி ஓடியதில் கழுத்து கழன்றுவிடும் போலிருந்தது. அடித்ததை மறுபடி அடித்து, எழுதியதை மறுபடி எழுதி, பேனாவை வீசி எறியலாமா என்று வந்தது.

"எத்தனை நாளாக்கா?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"நாளா? ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கண்ணுக்கு நடுவுல புகை மாதிரி. ஓரத்துலதான் தெரியும். சிநேகிதி வீட்டுக்குப் போறேன்னு லீவு போட்டேனே, அன்னிக்கு டாக்டர்கிட்டதான் போனேன். கண்ணாடி மாத்தினா தீர்ற விஷயம் இல்லைன்னுட்டார்."

"இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?"

"சின்னப் பிள்ளைங்க புஸ்தகமா வந்துச்சு. கொட்டை எழுத்து. பொழைச்சேன். இதுவும் பழைய புஸ்தகம்தானே, தலைகீழா தெரியும்னு நினைச்சேன். அந்தப் பேராசிரியர் உக்காந்து இவ்வளவு மாத்துவார்னு யாரு கண்டா."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வந்த வழியே போய்விட்டது.

"ஆபீஸ்ல சொல்லலை, சரி. உங்க தம்பிகிட்டயும் சொல்லலை, சரி. என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? காய் நறுக்கலைன்னு உங்களை மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?"

"மனசுக்குள்ளயா? பாத்திரம் வைக்கிற சத்தத்துலயே எல்லாம் கேட்டுச்சு" என்றாள் நாத்தனார். கொஞ்சம் பொறுத்து, "சொல்லணும்னா உன்கிட்டதான் சொல்லியிருக்கணும். சொல்லலாம்னுதான் சமையக்கட்டு வரைக்கும் வருவேன். நீ அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே தூங்கிட்டு இருப்ப. இதையும் எப்படி உன் தலையில கட்டறதுன்னு திரும்பிடுவேன்" என்றாள்.

பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. வேறு யாராவது இருந்தால் சொல்லியிருப்பார்கள். அவளுக்கு அந்த வார்த்தை வரவில்லை, ஏனென்றால் அது உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. அழுகை வந்தது, அதையும் அழுது முடிக்கத் தெம்பில்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"எனக்கு ரொம்ப அலுப்பா இருக்குக்கா" என்றாள்.

"தெரியும்."

"நான் கத்துவேன். உங்களை வச்சுக்கிட்டுச் சள்ளுபுள்ளுன்னு விழுவேன். அப்புறம் வந்து வருத்தப்படுவேன்."

"தெரியும்னேனே."

நாத்தனார் பெஞ்சில் முன்னும் பின்னும் நகர்ந்து உட்கார்ந்தாள். எதையோ கேட்க வந்து, விழுங்கி, மறுபடி வந்தாள். கடைசியில், இதுவரை அவள் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில் சொன்னாள்:

"பாரு, நீயே எல்லாருக்கும் சொல்லிட்ட. இனிமே நான் கூச்சப்படாம கேக்கலாம். இந்த மாடியில பாத்ரூம் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. அவர் ரூமுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியிலேருந்து அடக்கிக்கிட்டு இருக்கேன்."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.