வானொலியில் நிறம்

வானொலி நிலையத்துக்குப் புதிதாக வந்த நிர்வாகிக்கு அகராதி பார்க்கும் பழக்கம் உண்டு. அதைக் கெட்ட பழக்கம் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை.

கிரிக்கெட் ஆட்டத்தை நேரடியாகச் சொல்ல அங்கே இரண்டு பேர். பந்து போன திசையை மூச்சுவிடாமல் சொல்பவருக்கு ஓட்டக்காரர் என்று பட்டப்பெயர். பந்துக்கும் பந்துக்கும் நடுவே ஆட்டக்காரரின் பழைய காயம், புதுத் தொப்பி, மாமியார் வீட்டுச் சண்டை என்று கதை சேர்ப்பவர் வர்ணனையாளர். இருபது வருடமாக அந்த நாற்காலி அவருடையது.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு நிர்வாகி அவரைக் கூப்பிட்டார்.

"வர்ணனைங்கிற சொல் எதுலேருந்து வந்துச்சு சார்?"

"வர்ணத்துலேருந்து."

"வர்ணம்னா நிறம். ரேடியோவுல நிறம் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதானே என்னை வெச்சிருக்கீங்க?"

நிர்வாகி அகராதியை மூடினார். "பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பணியிடம் தேவையில்லைன்னு எழுதிட்டேன். சனிக்கிழமை உங்களுக்குக் கடைசி ஆட்டம்."

வீட்டில் மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அந்த மனுஷன் டிவியில இருந்திருந்தா, நிறம்தான் கண்ணுக்கே தெரியுதே, நீங்க எதுக்குன்னு கேட்டிருப்பாருங்க."

சனிக்கிழமை நான்காவது ஓவரில் மழை கொட்டியது. ஆடுகளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

"மழை பெய்கிறது," என்றார் ஓட்டக்காரர். "இன்னும் பெய்கிறது." பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "மச்சான், காப்பாத்துடா!"

வர்ணனையாளர் ஆரம்பித்தார். தார்ப்பாயை இழுத்தவர் மூன்று தடவை வழுக்கி விழுந்ததைச் சொன்னார். நடுவரின் ஒரு காலில் மட்டும் சிவப்புக் காலுறை என்றார்.

ஓட்டக்காரர் எட்டிப் பார்த்தார். "சிவப்பு எங்கடா இருக்கு?" என்று காதில் கிசுகிசுத்தார்.

"ரேடியோவுல தெரியாதுல்ல?"

இரண்டே முக்கால் மணி நேரம் பேசினார். ஆட்டம் கைவிடப்பட்டது. நிலையத்துத் தொலைபேசி ஓயவில்லை. நடக்காத ஆட்டத்தை இவ்வளவு ரசித்ததில்லை என்றார்கள் நேயர்கள்.

நிர்வாகி நியாயமானவர். திங்கட்கிழமையே உத்தரவைத் திருத்தினார். "பணிப்பெயர்: மழைநேர வர்ணனையாளர். மழை நாட்களில் மட்டும் வந்தால் போதும்."

அடுத்த ஆட்டத்தன்று காலை வர்ணனையாளர், சட்டைக்கு இஸ்திரி போட்டு அணிந்து, ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார்.

"வானம் எப்படிங்க இருக்கு?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

இருபது வருடத்தில் முதல் முறையாக அவர் நிறத்தை மட்டும் சொன்னார்.

"நீலம்."