ரிப்பன் வெட்டிய கக்கூஸ்

“தண்ணி வராத கக்கூஸுக்கு ரிப்பன் ஒரு கேடா? நான் கேக்கறேன்—”

“மெதுவா பேசு டுஃபி, தலைவர் நானா காதுல—”

“விழட்டும்! அவருக்கு அரண்மனைக்குள்ளயே இருக்கு. எங்களுக்குச் சோளக்காட்டை விட்டா என்ன இருக்கு?”

“கம்பெனிக்காரர் கடல் தாண்டி வந்திருக்கார். இன்னிக்கு ஒருநாள் வாயை மூடேன்.”

“மூடிக்கறேன். நீ தொறந்து சொல்லு அண்ணே. அதுக்குத்தானே தங்கப்பூண் போட்ட கோலை உன் கையில குடுத்திருக்காங்க?”

ஃப்ரெம்போங் கோலை இறுகப் பிடித்துக்கொண்டு நகர்ந்தான். ஊர்த்தலைவர் நானா சபையில் யாரோடும் நேராகப் பேசமாட்டார். அவரிடமும் யாரும் நேராகப் பேசக்கூடாது. இரண்டு பக்கத்துப் பேச்சையும் பூச்சூட்டிக் கைமாற்றுவது ஃப்ரெம்போங்கின் வேலை.

டுஃபி சந்தையின் தக்காளி ராணி. அவள் தலையசைக்காமல் ஒரு கூடை விலைபோகாது. ஆனால் சந்தையை உரசிக்கொண்டு தங்கச் சுரங்கத்துக்கு ஓடும் பெரிய தண்ணீர்க் குழாயிலிருந்து, சாண் அளவு கிளைக்குழாய் வாங்க அவளால் முடியவில்லை. ‘தண்ணீர் அடுத்த கட்டத்தில்’ என்றது, சந்தைக்குக் கக்கூஸ் கட்டிக்கொடுத்த அந்தச் சுரங்கக் கம்பெனி. இன்றைக்குப் படம் பிடித்துப் போய்விட்டால் அந்தக் கட்டம் ஏழு பிறவிக்கும் வராது என்பது அவளுக்குத் தெரியும்.

கம்பெனிக்காரர் லாசன், அரண்மனையில் ஆட்டுச் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு வந்திருந்தார். மிளகாய் அதன் வேலையைத் தொடங்கியிருந்தது. ரிப்பனை வெட்டினார், கை தட்டினார்கள், முகம் வெளுத்தார். படக்காரன் “இன்னொண்ணு ஐயா” என்பதற்குள் உள்ளே பாய்ந்து தாழ் போட்டுக்கொண்டார்.

சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது: “தண்ணி வரல! யாராவது இருக்கீங்களா? தண்ணி!”

குடைக்கடியில் நானா புருவத்தை உயர்த்தினார். விருந்தாளி சபையில் பேசிவிட்டார், முறை முறைதான். ஃப்ரெம்போங் தொண்டையைச் செருமினான்.

“நானா, விருந்தாளி சொல்றது இதுதான்: இந்த மாளிகையில எல்லாச் சிறப்பும் இருக்கு, ஒரே ஒரு ஆறுதான் குறையுது.”

சந்தை குலுங்கிச் சிரித்தது. நானா ஏதோ முணுமுணுத்தார்.

“நானா கேக்கறார்: அந்த ஆறு பக்கத்துலயே உங்க சுரங்கத்துக்குத்தானே ஓடுது?”

டுஃபி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஃப்ரெம்போங்கிடம் வந்தாள்.

“நான் சொல்றதையும் சொல்லு அண்ணே.”

“உன் பேச்சுக்கு எந்தப் பூவைச் சூட்ட? போ, நீயே சொல்லிக்க.”

டுஃபி கதவில் தட்டினாள்.

“ஐயா, போன் கையில இருக்குல்ல? குழாய் வேலைக்காரங்களைக் கூப்பிடுங்க. அவங்க வந்து இணைச்சு முடிக்கிற வரைக்கும் நாங்க வாசல்லயே காவல் இருக்கோம்.”