இடது கையில் வெள்ளை நூல்

இந்த வருடம் எங்கள் பள்ளத்தாக்கில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் கூட்டத்துக்கு என் அக்கா ஸ்டெய்ன்வோர்தான் தலைவி. ஒரு பெண் அந்தப் பொறுப்புக்கு வருவது இதுவே முதல் முறை. தலைமை ஏற்பவர் சொந்த ஆட்டுக் கம்பளியில் பின்னிய புது ஸ்வெட்டரோடுதான் மலையேற வேண்டும். பின்னித் தருவதாக நான் சொல்லியிருந்தேன். ஸ்வெட்டரின் உடம்பும் கைகளும் முடிந்து, தோளைச் சுற்றிப் பழுப்பில் வெள்ளைப் பூக்கள் வரும் பகுதி மட்டும் பாக்கி இருந்தபோது, தொழுவத்து ஈரத்தில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன்.

"குடு இப்படி," என்றான் என் கணவன் எய்விந்துர். மீன்பிடிக் கப்பலில் இன்ஜின் பார்ப்பவன். அந்த வாரம் கரையில் இருந்தான். "ஸ்கூல்ல பசங்களும்தான் பின்னுனோம். நான் ஒரு தொப்பி முடிச்சேன்."

"அத யாரு போட்டா?"

"எங்க நாய். அதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

வலி மாத்திரையில் நான் தூங்கித் தூங்கி விழித்தபோதெல்லாம் அவன் ஜன்னலோரம் பின்னிக்கொண்டிருந்தான். மறுநாள் மதியம் அக்கா அளவு பார்க்க வந்தாள். ஸ்வெட்டரை நாற்காலி முதுகில் போட்டுவிட்டுக் கதவுவரை பின்னால் போனாள்.

"பூ எங்கடி, ராக்னா?"

அங்கிருந்து பார்த்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. பூக்கள் பழுப்புக்குள் அமுங்கிக் கிடந்தன. இரண்டு நூல்களில் அடியில் ஓடுவது முன்னால் எழும்பும். மேலே ஓடுவது உள்ளே போய்விடும். இடது கையில் பிடிக்கும் நூல்தான் அடியில் ஓடும். இடது கையில் இருக்கவேண்டிய வெள்ளையை அவன் வலது கையில் பிடித்துவிட்டான்.

"மொதல்ல எல்லாரும் என் தோளத்தான் பாப்பாங்க," என்றாள் அக்கா. "தலைவியும் முங்கிருவா, பூவும் முங்கிருச்சுன்னு சிரிப்பானுங்க. விடு, பழசையே போட்டுக்கறேன். கை ஒடிஞ்சவகிட்ட நான் என்னத்தக் கேக்கறது?"

அவள் திட்டியிருந்தால் தேவலை. நாளை மறுநாள் காலையில் புறப்பாடு. குதிரைகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

எய்விந்துர் காபியைக் குடித்து முடித்தான். பிறகு ஊசியை உருவி, தான் பின்னிய அத்தனையையும் பிரிக்க ஆரம்பித்தான். முகத்தில் சலிப்பே இல்லை. வெள்ளையை இடது கைக்கு மாற்றிப் பின்னினான். கண்ணிகள் தொளதொளவென்று தொங்கின.

"இந்தக் கைக்கு ஸ்பேனர் பிடிக்கத்தான் தெரியும்."

"என் இடது கை சும்மாதானே இருக்கு," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். சோபாவில் எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, வலது கையை என்னைச் சுற்றி முன்னால் கொண்டுவந்தான். இடது ஊசியும் வெள்ளை நூலும் என் கையில்; வலது ஊசியும் பழுப்பு நூலும் அவன் கையில்.

முதல் சுற்றில் சண்டை.

"இழுக்காதடா."

"நீ விடாம பிடிச்சிருந்தா நான் எப்படி எடுக்கறது?"

மூன்றாம் சுற்றில் பேச்சு நின்றது. அவன் மூச்சு என் காதுக்குப் பின்னால் சீராக வந்தது. எந்தக் கண்ணி வெள்ளை என்று நான் சொல்வதற்கு முன்பே அவன் ஊசி என் விரலைத் தேடி வந்தது. அவன் கடலிலிருந்து திரும்பும் நாட்களுக்காக இவ்வளவு காலம் ஏங்கியிருக்கிறேன். ஆனால் அவன் கை இப்படி யோசிக்கும் என்று அன்றுதான் அறிந்தேன். மறுநாளும் அப்படியே உட்கார்ந்தோம்.

புறப்படும் காலை அக்கா அதைப் போட்டுக்கொண்டாள். அலசிய ஈரம் கழுத்தில் இன்னும் மிச்சமிருந்தது. பூக்கள் பளிச்சென்று எழும்பி நின்றன. கட்டைவிரலால் அவற்றைத் தடவிப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"இது உன் கை இல்லையே. அவன் கையும் இல்ல. யாருடி பின்னுனது?"

எய்விந்துர் அவள் பைக்குள் காய்ந்த மீனையும் வெண்ணெயையும் திணித்துக்கொண்டிருந்தான். "உனக்குத் தெரியாத ஆளுக்கா," என்றான்.

வேலியருகே அவளோடு மலையேறும் குதிரைக்காரர்கள் காத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் அக்காவின் தோளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. குதிரையைத் திருப்பி அவளுக்கு வழிவிட்டு, பின்னால் போனார்.

வாசலில் நின்று அவர்கள் மேடேறுவதைப் பார்த்தோம். மரத்துப்போன வலது கையை எய்விந்துர் உதறிக்கொண்டிருந்தான். அதை இழுத்து என் இடது கையால் நீவிவிட்டேன்.